வெள்ளைச் செங்கல்!

'செங்கல்' என்றாலே சிவப்புக் கல்தானே, அதில் வெள்ளைச் செங்கல் எப்படி வரும் என்று உங்கள் தமிழ் வாத்தியார் கேட்டால், அவரை நியூயார்க்குக்கு விமானம் ஏற்றி அனுப்புங்கள். மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கம் தெருவுக்குத் தெரு வெள்ளைச் செங்கல் அடுக்குமாடிகள்தான். எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர், மன்ஹாட்டன் ஹவுஸ்.

6-ம் நம்பர் ரயிலில் 68-ம் தெரு ஸ்டேஷனில் இறங்கி, கிழக்கே ஒரு தெரு, தெற்கே இரண்டு தெரு நடந்தால் போதும். கூட வந்த அக்கா பையனுக்குத்தான் தாங்க முடியாத வருத்தம். "என்ன மாமா, ஊர்லேருந்து வர்றவங்க எல்லாம் சுதந்திர தேவி சிலையைப் பார்ப்பாங்க. நீங்க சுவரைப் பார்க்கணும்ங்கறீங்க!"

சாதாரண சுவரா அது? 65, 66-ம் தெருக்களுக்கு நடுவே, இரண்டாம் அவென்யூவிலிருந்து மூன்றாம் அவென்யூ வரை ஒரு முழு பிளாக். ஐந்து கட்டடங்களை ஒட்டவைத்த மாதிரி சுமார் 20 மாடி உயரத்துக்கு நிற்கிறது. கல்லில் செதுக்கிய பூ, சிங்கம், தூண் எதுவும் கிடையாது. அகல ஜன்னல், பால்கனி, வெளிர் சாம்பல் கலந்த வெள்ளைச் செங்கல்... அவ்வளவுதான். வெயில் பட்டால் புது பாத்ரூம் டைல்ஸ் மாதிரி மினுக்குகிறது.

முன்பு இந்த இடத்தில் டிராம் ஷெட் இருந்தது. நியூயார்க் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை இடித்துவிட்டு, 1951ல் இதைக் கட்டி முடித்தது. டிசைன் செய்தவர்களில் முக்கியமானவர் கார்டன் பன்ஷாஃப்ட். கட்டி முடிந்ததும் அவரே குடிவந்துவிட்டார்! சமையல்காரரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல் என்றால் நம்பிப் போகலாம் இல்லையா? நடிகை கிரேஸ் கெல்லி மொனாக்கோ இளவரசி ஆவதற்கு முன் இங்கே இருந்தார். கிளாரினெட் மேதை பென்னி குட்மேனும் இருந்தார்.

சரி, ஏன் வெள்ளை? அந்தக் காலத்து நியூயார்க் புகை மண்டிய ஊர். சிவப்புச் செங்கல் சில வருஷத்தில் கறுத்துவிடும். செங்கல்லின் முகத்தில் பீங்கான் மாதிரி பூச்சு கொடுத்துச் சுட்டால் அழுக்கு ஒட்டாது, மழையே கழுவிவிடும் என்பது கணக்கு. பார்த்தவர்களுக்கெல்லாம் ஆசை வந்துவிட்டது. 1950, 60களில் பில்டர்கள் போட்டி போட்டுக்கொண்டு வெள்ளை அடுக்குமாடிகளாக எழுப்பித் தள்ளினார்கள்.

அங்கேதான் வினை. சாதாரணச் செங்கல் மண்பானை மாதிரி. தண்ணீரைக் குடிக்கும், அப்புறம் வியர்த்து வெளியே விட்டுவிடும். பூச்சுச் செங்கல் ஊறுகாய் ஜாடி மாதிரி. முகத்தில் ஒரு சொட்டு இறங்காது. ஆனால் சுவர் என்பது வெறும் செங்கல் இல்லையே? இடையில் கலவை இருக்கிறது, ஜன்னல் ஓரம் இருக்கிறது, மொட்டைமாடிக் கைப்பிடி இருக்கிறது. அந்த வழியாக உள்ளே போன தண்ணீர், திரும்பி வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் உறையும். உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். விளைவு, செங்கல்லின் முகம் அப்பளம் மாதிரி பெயர்ந்துகொண்டு வரும். பதினைந்தாவது மாடியிலிருந்து பெயர்ந்தால் கீழே போகிறவன் கதி?

இந்தக் கேள்விக்கு நியூயார்க் ஓர் உயிரைக் கொடுத்துத்தான் பதில் தேடியது. 1979 மே மாதம், பிராட்வேயில் நடந்து போன பார்னார்ட் கல்லூரி முதல் வருஷ மாணவி ஒருத்தியின் மேல், ஒரு கட்டடத்திலிருந்து பெயர்ந்த துண்டு விழுந்தது. பதினேழு வயசுப் பெண் பிழைக்கவில்லை. அது வெள்ளைச் செங்கல் கட்டடம் அல்ல. அதற்கும் முந்தைய பழசு. ஆனால் சட்டம் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வந்தது. 1980ல் வந்த அந்தச் சட்டப்படி, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் தெருப் பக்கச் சுவரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டியிருந்தது. 1997 டிசம்பரில் மேடிஸன் அவென்யூவில் ஓர் உயரக் கட்டடத்தின் செங்கல் சுவர் சரிந்தது. அடுத்த வருஷமே சட்டத்தை இறுக்கினார்கள்.

நான் பி.காம். தேய்மானம் என்று வருஷா வருஷம் ஏட்டில் எழுதிக் கழிக்கக் கற்றுக்கொண்டவன். நிஜமாகவே தேய்கிறதா என்று போய்ப் பார்க்கச் சொல்லி எந்த லெக்சரரும் சொன்னதில்லை. இங்கே சுவருக்கே ஆடிட்டர்! தொட்டிலில் தொங்கிக்கொண்டு, சுத்தியலால் தட்டி, சத்தம் கேட்டு மார்க் போடுகிறார். பத்திரம், ரிப்பேர் செய்தால் பத்திரம், ஆபத்து என்று மூன்றே கிரேடு.

ஆபத்து என்றால் உடனே நடைபாதை மேல் இரும்புக் கம்பி நட்டு, பலகைப் பந்தல் போட வேண்டும். ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் இந்தப் பந்தல்கள். கல்யாண வீடு என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள்! பந்தலுக்கு வாடகை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சுவர் ரிப்பேர் லட்சம் லட்சமாக டாலர் கேட்கும். அசோசியேஷன் மீட்டிங்கில் எது ஜெயிக்கும் என்று ஃபிளாட்வாசிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஹார்லெமில் ஒரு பந்தலை 21 வருஷம் கழித்து 2023ல்தான் பிரித்தார்கள். பந்தல் போட்டபோது பிறந்த குழந்தைக்குக் கல்யாண வயசே வந்திருக்கும்.

பணம் உள்ள சில கட்டடங்கள் வெள்ளைத் தோலை மொத்தமாக உரித்துவிட்டு, புதுச் செங்கல் போட்டுக்கொண்டன. மன்ஹாட்டன் ஹவுஸுக்கு அந்த வழியும் சுலபமில்லை. 2007ல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. வெளிமுகத்தில் கை வைக்க அனுமதி வாங்க வேண்டும்.

அந்தப் பக்கம் போனால், வெள்ளைச் சுவர்களை அண்ணாந்து பாருங்கள். சில இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக வேறு வெள்ளை தெரியும். வேட்டியில் போட்ட ஒட்டு மாதிரி. "பார்க்க நல்லா இல்லையே மாமா" என்றான் பையன்.

"யாரோ கைக்காசு போட்டுச் செங்கல் மாத்தியிருக்காங்கடா. ஒட்டு இருக்கிற சுவர் பக்கமா தைரியமா நட" என்றேன்.