பின்னல் தாங்கும் பாரம்

கிரீஸ் நாட்டில், ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றில் ஏறியதும் எரெக்தியம் கோயிலைப் பாருங்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. தெற்கு மண்டபத்தில் தூண்களுக்குப் பதிலாக ஆறு கன்னியர் கூரையைத் தலையில் சுமந்து நிற்கிறார்கள். முகத்தில் சலிப்பே இல்லை!

"எல்லாம் வெறும் அலங்காரம்" என்பார் உங்கள் வீட்டுக்காரர். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். குன்றில் நிற்பவை நகல்கள். அசல் சிலைகளில் ஐந்து அடிவாரத்து மியூசியத்தில் இருக்கின்றன. அங்கே அவரைச் சிலைகளின் பின்பக்கம் அழைத்துப் போங்கள். முதுகில் எவ்வளவு தடித்த பின்னல்! மெல்லிய கழுத்து பாரத்தில் ஒடியாமல் காப்பது அதுதான்.

பக்கத்தில் ஓர் இடம் காலி. ஆறாவது சகோதரியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு எடுத்துப் போய்விட்டார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் தனியே நிற்கிறாள். அந்தப் பக்கம் போனால் அவளையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.