கோழிக் குடும்பத்தில் கலப்பு மணம்

புதுச்சேரி குபேர் அங்காடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘அசல் நாட்டுக்கோழி’ என்ன விலை என்று விசாரித்துவிட்டு, நாம் கத்தரிக்காயுடன் வீடு திரும்பினோம். முத்தியால்பேட்டையில் நமது வீட்டுக் கொல்லையிலேயே கோழி வளர்ப்பதென்று சபதம் செய்தது அன்றுதான்.

எந்தக் கோழி வளர்ப்பது? பிராய்லர் ஆறு வாரத்தில் 2 கிலோ தேறிவிடும். ஆனால் வெயில் சற்று ஏறினால் சுருண்டு விழும். நாட்டுக்கோழி குப்பையைக் கிளறித் தன் இரையைத் தானே தேடும், பருந்தின் நிழல் கண்டால் பதுங்கும்; ஆனால் எடை கூடுவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். இரண்டு குணங்களையும் ஒரே உடம்பில் சேர்த்தால் என்ன? இந்த யோசனை நமக்கு முன்பே பலருக்கு உதித்திருக்கிறது. பரேலியை அடுத்த இஜ்ஜத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார், அசீல் என்னும் சண்டைச் சேவல் வம்சத்தைக் ‘காரி ரெட்’ என்ற கோழியுடன் கலந்து ‘நிர்பீக்’ என்ற இனத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். நிர்பீக் என்றால் அச்சமற்றவன் என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிராய்லரும் நமக்குத் தூரத்து உறவுதான்! 19-ஆம் நூற்றாண்டில் இந்திய அசீல் சேவல்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. கார்ன்வால் பிரதேசத்துச் சண்டைக் கோழிகளோடு கலந்ததில் அகன்ற மார்புடைய கார்னிஷ் கோழி பிறந்தது. 1948-இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ப் போட்டியில், சார்லஸ் வான்ட்ரெஸ் என்பவருடைய கார்னிஷ் கலப்புக் கோழிகள் முதற்பரிசு பெற்றன. இன்றைய பிராய்லரின் தந்தை வழியும் கார்னிஷ்தான்.

நிற்க. நாம் பத்துக் கலப்புக் குஞ்சுகள் வாங்கி, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தும் போட்டு வளர்த்தோம். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் செழிப்பாய் வளர்ந்தன. பெட்டைகள் முட்டையும் இட்டன. ஆனால் ஒன்றாவது அடைக்கு உட்கார வேண்டுமே! அடுத்த வீட்டு ஆயா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“தம்பி, இதுங்க முட்டை போடத்தான் படிச்சிருக்கு, உட்காரப் படிக்கலை. எங்க சிறுவிடைகிட்டே குடு” என்றாள்.

சிறுவிடை இருபத்தொரு நாள் தவமிருந்து எட்டுக் குஞ்சுகள் பொரித்தது. வளர வளர ஒன்று நெடியதாயிற்று, ஒன்று குள்ளமாயிற்று, மற்றொன்று பார்ப்பதற்குப் பெரியது, தூக்கினால் பஞ்சு. முதல் தலைமுறையின் செழிப்பும் ஒற்றுமையும் பேரப்பிள்ளைகள் காலத்தில் கலைந்துவிடுகின்றன. ஆகவே, ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்துக்குப் போய்ப் புதுக் குஞ்சுகளே வாங்க வேண்டும்.

கலப்பைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. குழம்பு ருசியாகவே இருந்தது. ஆனால் கலப்பதற்கே இரண்டு பக்கமும் அசல் வேண்டுமல்லவா? லாபத்தை மட்டும் பார்த்துக் கொல்லைதோறும் கலப்பையே நிறைத்துவிட்டால், நாளைக்குக் கலக்கப் பெருவிடைக்கும் அடைகாக்கச் சிறுவிடைக்கும் எங்கே போவது?

ஆயாவின் சிறுவிடை பிற்பாடு தன் முட்டைகளையே அடைகாத்துப் பொரித்ததில் ஒரு பெட்டைக் குஞ்சு நம்மிடம் வந்து சேர்ந்தது. விருந்தாளி வரும் நாட்களில்கூட அதன் பக்கம் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.