எல்லைக் கோடு படத்தில் விழாது

பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களில் காமிராவோடு இறங்குகிறவர்களுக்குக் காத்திருக்கும் மலைகளும் ஒரு வறண்ட கால்வாயும்

களியக்காவிளை சந்தையிலிருந்து இஞ்சிவிளையை நோக்கி நடந்தால், தமிழ்நாடு எந்த இடத்தில் முடிகிறது என்று சாலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைகளைப் பார்த்துச் சொல்லலாம். லாட்டரிச் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும் மேஜை எங்கே முளைக்கிறதோ அங்கே கேரளம் ஆரம்பம். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தது. எல்லையைக் காட்டும் வேலை அதிலிருந்து இந்த மேஜைகளுக்கு வந்துவிட்டது. படம் பிடிக்க வரும் அமெச்சூர்களுக்கு முதலில் அகப்படுவதும் இதுதான். ஒரே வாழைத்தோப்பு, ஒரே ஓட்டுக் கூரைகள், பாதித் தமிழும் பாதி மலையாளமுமான ஒரே பேச்சு. கோடு மட்டும் எந்தச் சட்டகத்திலும் விழுவதில்லை.

நகரமும் மலையும் ஒரே படத்தில் வேண்டும் என்பது பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் பழைய ஆசை. ஸ்பெயினின் கிரானடாவில் இதற்கென்றே சான் நிக்கோலாஸ் என்ற மேட்டில் கூட்டம் சேருகிறது: முன்னால் அல்ஹம்ப்ரா அரண்மனை, பின்னால் சியரா நெவாடாவின் பனி. அங்கே 3,479 மீட்டரில் முல்ஹசேன் சிகரம். இங்கே பனி இல்லை. 1,868 மீட்டரில் அகத்தியர்கூடம் நிற்கிறது. அதன் காலடியில் உள்ள ஊர்களோ அரண்மனைக் கணக்கில் வராதவை. அதுவே ஒரு சௌகரியம். காமிராவைப் பார்த்ததும் சலித்துக்கொள்ளும் ஊர் அல்ல இது; தேநீர்க் கடையில் நின்றால் பெஞ்சில் இடம் விட்டு, எந்த ஊர் என்று இரண்டு மொழியிலும் விசாரிக்கிறார்கள்.

வெளிச்சம் ஒன்றுதான் சிக்கல். மலைகள் கிழக்கிலும் வடகிழக்கிலும் இருப்பதால் காலைச் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் எழுகிறது. அந்நேரத்தில் கிடைப்பது கறுப்பு நிழலுருவம் மட்டுமே. பாறையின் மடிப்புகளும் காட்டின் பச்சையும் தெரிய வேண்டுமானால் பிற்பகல் 3 மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். இரண்டு பருவமழையும் நனைக்கும் பகுதி இது. வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்டுப் போன டிசம்பர், ஜனவரியில்தான் வானம் கண்ணாடியாக இருக்கும். ஆகவே காலை ஊர்களுக்கு, மாலை மலைக்கு.

ஊர்களில் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பாறசாலையில் மகாதேவர் கோயில். சற்று வடக்கே செங்கல் கிராமத்தில் 111 அடி உயர சிவலிங்கம், 2019இல் திறக்கப்பட்டது. லிங்கத்துக்குள்ளேயே மாடி மாடியாக ஏறிப் போகலாம். எங்கிருந்து எடுத்தாலும் அது சட்டகத்தை விழுங்கிவிடுகிறது. தென்னைகளுக்கு நடுவே தூரத்திலிருந்து எடுத்த படங்களே தேறுகின்றன. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருப்பது அதற்கு நேர் எதிரான காட்சி: உள்ளீடற்ற ஒரு பழைய பலாமரம். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில்தான் ஒளிந்து உயிர் தப்பினார் என்கிறது ஐதீகம். அம்மச்சிப் பிலாவு என்று பெயர். மரம் பட்டுப்போய்விட்டது, அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ராஜ்யத்தின் தலைவிதி அடங்கிய பொந்து என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும் அளவுக்குச் சிறியது.

பாலராமபுரத்தில் தறிச் சத்தம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மாவின் ஆட்சியில் தெற்கிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட தமிழ் நெசவாளர்களால் உருவான ஊர். கேரளப் பெண்கள் ஓணத்துக்கு உடுத்தும் கசவுப் புடவையின் பின்னால் ஒரு தமிழ்த் தெரு இருக்கிறது. குழித்தறிக்கு முன் உட்கார்ந்தவரை எடுக்கக் காமிராவும் தரையோடு தரையாக இறங்க வேண்டும்.

நெய்யாற்றை ஒட்டி மேலே போனால் அருவிப்புறம். 1888இல் ஆற்றில் மூழ்கி எடுத்த ஒரு கல்லை ஸ்ரீநாராயண குரு சிவனாகப் பிரதிஷ்டை செய்த இடம். ஈழவரான அவருக்கு அந்த உரிமை இல்லை என்று சாதி வழக்கம் சொன்ன காலம் அது. பாறைகளுக்கிடையே ஆறு இன்றும் நுரைத்து ஓடுகிறது.

பிற்பகலில் எல்லோரும் வெள்ளறடைக்குத் திரும்புகிறார்கள். எல்லையிலேயே எழும் மலைகளில் ஒன்று குருசுமலை. உச்சியில் சிலுவை, தவக்காலத்தில் கூட்டம். பக்கத்தில் காளிமலை, அங்கே சித்ரா பௌர்ணமிக்குப் பக்தர்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் ரப்பர் தோட்டங்கள், அணை நீர். தெளிந்த நாளில் மேற்கே அரபிக்கடல். வடக்கே அகத்தியர்கூடம். அந்த உச்சியில் 1850களிலேயே ஒரு ஆய்வு நிலையம் கட்டியவர் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் ஜான் ஆலன் பிரவுன். சுமைக்கூலிகளின் தலையில் கருவிகள் போன பாதையில் இன்று வருடத்துக்குச் சில வாரங்களே, வனத்துறை அனுமதியோடு மலையேற்றம். பெண்களுக்கு அந்த அனுமதி 2019இல்தான், நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கிடைத்தது.

உச்சியிலிருந்து பார்க்கும்போதுதான் 1956 புரிகிறது. மொழிவாரிப் பிரிவினையின்போது நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. கிடைத்தது விளவங்கோடு வரைதான். நெய்யாறு அணை 1958இல் முடிந்தபோது அதன் இடதுகரைக் கால்வாய் புதிய எல்லையைத் தாண்டி விளவங்கோடு வயல்களுக்கும் போனது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. ஆறு முழுக்கத் தன் எல்லைக்குள் ஓடுவது என்பது அதன் வாதம். தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. தமிழகப் பக்கத்துக் கால்வாய் காமிராவுக்கு வசதியான பொருள்: நேர்கோடாக ஓடி மறையும் கரைகள், நடுவே புல். இந்த ஊர்ப் படங்களிலேயே அழகாக விழுவது இது என்பது சங்கடமான உண்மை.

மலைகளுக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்திலிருந்து பாறை போயிற்று. கனரக லாரிகளை எதிர்த்து எல்லையோர ஊர்கள் குரல் எழுப்பின. துறைமுகம் 2025 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. திருவாங்கூர் அரசின் புகைப்படக்காரர் சக்கரியாஸ் டி குரூஸ் 1900 வாக்கில் எடுத்த காட்சிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. இந்தச் சின்ன மலைகளுக்கு அப்படிப்பட்ட ஆவணம் எடுக்க யாரும் நியமிக்கப்படவில்லை. ஒரே இடத்தில் நின்று வருடா வருடம் ஒரே குன்றை எடுக்கும் பொறுமை உள்ள ஒரு அமெச்சூரிடம்தான் அந்தக் குன்று எவ்வளவு தேய்ந்தது என்பதற்கான சாட்சி இருக்கும். தேதியைக் குறித்து வைக்கிறவரின் படத்துக்கே அந்த மதிப்பு. அழகான அஸ்தமனங்களுக்கு அல்ல.

ஐந்தரை மணிக்கு மலை பொன்னிறமாகிறது. பத்து நிமிடம் மட்டுமே. பிறகு கீழே இறங்கிக் களியக்காவிளை சாலையைப் பிடிக்க வேண்டும். லாரி ஏதாவது கடந்து போனால், தூசி அடங்கும்வரை லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நிற்பது நல்லது.