லூஷான் மலையில் ஒரு முத்தம்

கிராஞ்சி டார்மிட்டரியில் துணி துவைக்க வரிசையில் நின்றபோது, எங்கள் சைட்டில் வேலை செய்யும் சீனத்து அண்ணன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவருக்கு ஊர் ஜியாங்சி மாநிலம். "வெரி பேமஸ். கிஸ் ஹேவ்" என்றார். அப்படித்தான் 'லூஷான் காதல்' எனக்கு அறிமுகமானது.

1980இல் ஷாங்காய் ஃபிலிம் ஸ்டுடியோ எடுத்தது, இயக்கம் ஹுவாங் ஸூமோ. கலாச்சாரப் புரட்சி முடிந்து நான்கே வருஷம். ஸ்டுடியோவும் அரசாங்கத்துடையது, தணிக்கையும் அரசாங்கத்துடையது. நாயகி அமெரிக்காவிலிருந்து வருகிறவள், தோற்றுப்போன கோமிந்தாங் ஜெனரலின் மகள். நாயகன் கம்யூனிஸ்ட் அதிகாரியின் மகன். மலையில் சந்திக்கிறார்கள். வெளிநாட்டுக்காரியோடு பழகியதற்காக அவனை விசாரிக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி அதே மலை. அந்த முத்தம் கன்னத்தில் ஒரு கணம்தான், தும்மினால் போச்சு. அதற்கே அன்றைக்குச் சனம் அலைமோதியது. லூஷானில் ஒரு தியேட்டர் அன்றிலிருந்து அந்தப் படத்தையே ஓட்டி கின்னஸ் வரை போய்விட்டது.

நல்ல படமா என்றால், இல்லை. நாயகி ஜாங் யூ 43 உடை மாற்றுகிறார். அதே 1980இல் நம்மிடம் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' வந்திருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்தால் இது சுற்றுலாத்துறை விளம்பரம். ஆனால் ஒரு காட்சி என்னை விடவில்லை. இருவரும் தாய்நாட்டை நேசிப்பதாக மலையைப் பார்த்து இங்கிலீஷில் கத்துகிறார்கள். முதல் தடவை சிரித்துவிட்டேன். யாரிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்கிறார்கள்! பிறகு புரிந்தது. அது தணிக்கைக்காரர்களுக்குக் கொடுத்த மனு. நாட்டை நேசிக்கிறேன், இந்தப் பெண்ணையும் நேசித்துக்கொள்ளலாமா?

எனக்குப் புரிந்ததற்குக் காரணம் உண்டு. ஒர்க் பர்மிட்டில் இருப்பவன் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஊரில் போய்த் தாலி கட்டினாலும் இதே சட்டம்தான். மீறினால் பர்மிட் போய்விடும், திரும்பி வரவும் முடியாமல் போகலாம். அவள் தேக்காவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள், குடிமகள். இரண்டு வருஷமாகிறது. இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை அது ஒரு பதில் இல்லைதானே.

அவள் அப்பாவுக்கு நான் "பர்மிட்ல வந்த பையன்". அவருடைய அப்பாவே தஞ்சாவூரிலிருந்து கப்பலில் வந்தவர்தான். படத்திலும் அப்பாக்கள்தான் கடைசிச் சிக்கல். வாம்போவா ராணுவப் பள்ளியில் ஒன்றாகப் படித்துவிட்டு எதிரெதிர் அணியில் நின்று சண்டை போட்டவர்கள். அவர்கள் சமாதானமானால்தான் கல்யாணம். சினிமா, ஆகிவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை 170 பஸ் பிடித்துப் போய் அவளுக்குப் படத்தைக் காட்டினேன். புளோக் கீழே கல்பெஞ்சு, ஆளுக்கொரு இயர்போன். உடைகளை எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் விட்டுவிட்டாள். முத்தம் வந்ததும், "இவ்ளோதானா?"

"இதுக்கே அஞ்சு வருஷம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களே, அவ பேரைச் சொல்லியிருப்பானா?" என்றாள்.

"சொல்லியிருக்க மாட்டான்."

"நீ என் பேரை எழுதித்தானே ஆகணும்."

"ஆமா."

"அப்ப எழுது" என்று போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.