ஊட்டும் கையும் மருந்துதான்

பிள்ளை சோற்றை ஒதுக்கினால் "திமிர்" என்று ஏசுகிறோம். சிலருக்கு அது உயிரையே பறிக்கக்கூடிய மனநோய் என்பதை அறிவீர்களா?

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இந்நோய்க்கென்றே தனிக் குழு இயங்குகிறது. மருத்துவர் நாடியையும் இரத்தத்தையும் சோதிக்கிறார். உணவியல் நிபுணர் உணவைப் படிப்படியாகக் கூட்டுகிறார். பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து இதயமே தடுமாறக்கூடும். உளவியலாளர் மனத்திலுள்ள அச்சத்தைப் பேசிப் பேசித் தணிக்கிறார். தாதியோ, கடைசிக் கவளம் வரை பக்கத்திலேயே பொறுமையாக அமர்ந்திருக்கிறார்.

வீடு திரும்பியபின் அந்த இடத்தில் அமர்வது யார்? பெற்றோர்தாம்! மருத்துவமனையில் எடை தேறியவர்களைப் பற்றி ஜெரால்டு ரஸ்ஸல் குழுவினர் 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளவயதில் நோய் கண்டு, மூன்றாண்டு கடக்காதவர்களுக்குத் தனிச் சிகிச்சையைவிடக் குடும்பத்தோடு சேர்த்தளித்த சிகிச்சையே அதிகப் பலன் தந்தது. அங்கே பெற்றோரைக் குற்றவாளிகளாக்குவதில்லை, துணையாளர்களாகவே சேர்த்துக்கொள்கிறார்கள்.

தாய்மார்களே, மகளோ மகனோ நாளுக்கு நாள் மெலிந்து, தட்டைக் கண்டாலே நழுவினால் ஏசாதீர்கள். நாங்கள் ஆசிரியர்களும் ஓய்வு நேரத்தில் திறக்கப்படாத உணவு டப்பாவைக் கவனிப்போம். காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் நீங்களும் அக்குழுவில் ஒருவரே.