ஃபேன் சுத்துது, லைட் எரியுது... ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலையே!

கடையில் ரெடிமேடாக வாங்கிய கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், கடைக்காரரிடமே கொண்டுபோய் வைத்துவிடலாம். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே மாட்டிய கம்ப்யூட்டர் என்றால்? பிராசஸர் ஒரு கம்பெனி, மதர்போர்டு இன்னொரு கம்பெனி, கிராபிக்ஸ் கார்டு வேறொரு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பில், தனித்தனி வாரன்ட்டி. ஆனால், கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க வேண்டியவர் மாட்டியவர்தான்.

கோவையில் ஒரு கல்லூரி மாணவன் அந்த நிலையில்தான் இருந்தான். கேம் விளையாட வேண்டும், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொஞ்சம் சம்பாதிக்கவும் வேண்டும். பணம் அக்கா கொடுத்தது. வேலைக்குப் போய்ச் சேர்த்த முதல் வருடச் சேமிப்பில் பெரும்பகுதி அது. அப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. ஆகவே, அந்தப் பெட்டி ஓடியே ஆக வேண்டும்!

முதல் நாளே சோதனை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கலர் கலராக லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் இருட்டு. இப்போது வரும் பல மதர்போர்டுகளில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கு குட்டி லைட்டுகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்கலாம். அவனுக்கு நின்றது ரேம் லைட். இரண்டு ரேம்களையும் 1, 3-வது ஸ்லாட்டில் மாட்டியிருந்தான். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசஸர் பக்கமிருந்து 2, 4-வது ஸ்லாட்தான் சரி. மாற்றி மாட்டினான். அப்படியும் இருட்டு!

காரணம், அவசரம். டி.டி.ஆர்.5 ரேம் முதல்முறை ஆன் ஆகும்போது, போர்டும் ரேமும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். அவனோ ஒரு நிமிடத்திலேயே ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்துகொண்டிருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து போனபோதுதான் திரை உயிர்பெற்றது.

அடுத்து, வேகம். இவ்வளவு செலவு செய்தும் கேம் தள்ளாடியது. இங்கே மூன்று விஷயங்கள் சிக்கின. மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தான். இருப்பதிலேயே விலை அதிகமான பாகம் சும்மா உட்கார்ந்திருந்தது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். விண்டோஸ் செட்டிங்கில் 60 என்றே இருந்தது. 6000 வேகம் என்று விற்கப்பட்ட ரேம், பயாஸில் அதற்கான புரொஃபைலை ஆன் செய்யும் வரை 4800-ல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றையும் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

பிறகு, சூடு. அரைமணி நேரம் விளையாடினால் பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டது. அந்த அளவு சூடானால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறை வெயிலில் கொதித்தால் அந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். ஆனால், அவன் பெட்டியில் வில்லன் வெயில் அல்ல. கூலரைக் கழற்றிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பேப்பர் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. உரித்து, துடைத்து, பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து மறுபடி மாட்டியதும் சூடு இறங்கியது.

அப்பாடா என்று உட்கார்ந்தபோது வந்தது பெரிய தலைவலி. கேம் நடுவே பட்டென்று அணைந்து, தானாக ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸின் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதை மட்டுமே அது சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது.

நல்ல பாகத்தின்மேல் பழி விழுவது இங்கே சகஜம். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் திடீரென நின்றபோது, வீடியோ மெமரி போதவில்லை என்றே திரையில் வந்தது. பலரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். பிராசஸருக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதுதான் காரணம் என 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, வாரன்ட்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அவனுடையது அந்த வகை அல்ல. 'கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும், 25,000 ரூபாய் ஆகும்' என்றார்கள் நண்பர்கள். அக்காவிடம் மறுபடி கேட்பதா? மெசேஜை டைப் செய்வதும் அழிப்பதுமாக இரண்டு நாள் போனது. ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டினான், டிரைவரை மாற்றினான். பலனில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாதான் கேட்டார். "ஏங் கண்ணு, இதை அந்த ஜன்னலோரப் பிளக்குலயா மாட்டியிருக்க? அதுல அயர்ன் பாக்ஸே விட்டு விட்டுத்தான் சூடாகும். அதனாலதான் நான் ஹால்ல வெச்சுத் தேய்க்கறேன்."

அன்று ராத்திரி பெட்டியை ஹாலுக்குத் தூக்கினான். மூன்று மணி நேரம் கேம் ஓடியது, ஒருமுறைகூட அணையவில்லை. கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் எகிறும். பிளக் பாயின்ட் லூஸாக இருந்தால் அப்போதுதான் விட்டுப்போகும். மானிட்டரும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்ததால், அதுவும் சேர்ந்து அணைந்ததை அவன் தனியாகக் கவனிக்கவில்லை.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து கழற்றிக் காட்டினார். உள்ளே ஒயர் முனை கறுத்து, பிளாஸ்டிக் இளகியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பத்தியிருக்கும் தம்பி" என்றார். அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "மத்த பாயின்ட்டையும் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு டார்ச்சைப் பிடித்தார்.

புது சாக்கெட்டும் கூலியும் சேர்த்து சில நூறு ரூபாயோடு முடிந்தது. கிராபிக்ஸ் கார்டு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இப்படி மாட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள், பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப்போடாதீர்கள். புதுப் பாகம் வாங்கும் முன், சுவரில் இருக்கும் பிளக்கை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கம்ப்யூட்டரை விடுங்கள், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.