மூன்றாவது நாடா

தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடையில், போன வருடம் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. வெனிஸ் லாம்ப் எழுதி 1975-ல் வெளியானது. மேற்கு ஆப்பிரிக்க நெசவு பற்றியது. நான் தேடிப் போனது காஞ்சிபுரம் நெசவைக் கற்றுத்தரும் புத்தகம்.

காரணம் அம்மா. காஞ்சிபுரத்தில் தாத்தாவின் குழித்தறியில் ஒன்பது வயதிலேயே கோர்வைக்கு உட்கார்ந்தவள். கல்யாணமாகி மைசூர் வந்ததோடு தறி போயிற்று. இப்போது வயது 81. இடது கண் மங்கிவிட்டது. அவள் விரல்களுக்குத் தெரிந்தது அவளோடு போய்விடுமே என்ற பயம் எனக்குத்தான். அவளுக்கு இல்லை.

நம் நெசவைப் பற்றிப் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. ரிதா கபூர் சிஷ்டி 2010-ல் கொண்டுவந்த புடவைத் தொகுப்பில் 108 விதக் கட்டு இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பத்மசாலியர்களைப் பற்றி ஆர்த்தி கவ்ல்ரா 2018-ல் எழுதியது ஆழமான ஆய்வு. படித்தால் புடவையை மதிக்கத் தோன்றும். ஆனால் தறியில் உட்கார வராது. அது அவர்கள் வேலையும் அல்ல என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அதனால் ஆப்பிரிக்காவை வாங்கி வந்தேன். கானாவில் அசாந்தி மக்களும் ஈவே மக்களும் நெய்யும் கென்ட்டே துணி, நான்கு அங்குல அகலப் பட்டைகளாகத்தான் தறியிலிருந்து இறங்குகிறது. ஆண்கள் போர்த்தும் துணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள். பாவு தரையில் பல கஜம் நீண்டு கிடக்கும். மறுமுனையில் பாரத்துக்கு ஒரு கல். நெய்ய நெய்ய அந்தக் கல் நெசவாளரை நோக்கி நகர்ந்து வரும். மிதியை அவர் கால் விரல்களுக்கு இடையே கவ்விக்கொள்கிறார். விழுது இரண்டு ஜோடி: ஒன்று இழைகளைச் சாதாரண நெசவுக்குப் பிரிக்கும், மற்றது பல இழைகளைக் கொத்தாகத் தூக்கும். கொத்தாகத் தூக்கும்போது ஊடை நெருக்கமாக விழுந்து பாவை மூடிவிட, வண்ணக் கட்டம் பிறக்கிறது. ஈவே நெசவாளர்கள் அதில் மனித, விலங்கு உருவங்களும் போடுவார்கள். 2024-ல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டாள்.

"விழுது இருக்கு, அச்சு இருக்கு. ஏண்டி, கோர்வைக்கு ஆளைக் காணோமே?"

பட்டையாக நெய்து தைத்துக்கொள்வார்கள் என்றேன்.

"கெட்டிக்காரங்கதான். தைச்சுக்கிட்டா கோர்வை எதுக்கு?"

பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். எத்தனை முறை கேட்டும் "அதெல்லாம் சொல்லித் தெரியாது" என்றவள்தான். காஞ்சிபுரத்தில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் மூன்று நாடா ஓடும். உடல் நாடாவும் ஒரு கரை நாடாவும் தாத்தா கையில். மூன்றாவது நாடா இவள் கையில். "ரெண்டு ஊடையும் கைகோத்துத் திரும்பணும். இழுத்தா கரை சுருங்கும், விட்டா இடைவெளி விழும்." பள்ளிக்கூடம் போகாத குழந்தையின் கை அது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டேன். அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததா, பெருமையா என்று இன்னும் கேட்கவில்லை.

நான் இருப்பதோ பட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே 1912-ல் மகாராஜா தொடங்கிய ஆலையில் ஓடுவது விசைத்தறி. மைசூர் பட்டு எனக்குப் பிடிக்கும், தினம் கட்டலாம். ஆனால் அம்மாவின் கேள்விகளுக்கு அந்தத் தறியில் பதில் கிடையாது.

இதுவரை நாற்பது பக்க நோட்டில் பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. படம் வரைந்தது நான், திருத்தியது அம்மா. பேட்னியில் நின்றுவிட்டோம். உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்தானைப் பாவின் இழையைக் கையால் பிணைக்கும் வேலை அது. "நூல் இல்லாம எப்படிச் சொல்றது?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிறத்தில் பட்டு நூல் வாங்கி வந்தேன். ஜன்னல் கம்பியில் சிவப்பைக் கட்டினாள், மடியில் பச்சை.

"விரல்ல கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கோ. இல்லேன்னா வழுக்கும்."

கேஸ் அடுப்பு வைத்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கடைசியில் ஊதுவத்திச் சாம்பலை எடுத்து வந்தேன். முதல் ஏழு இழை எனக்கு அவிழ்ந்துபோயிற்று. எட்டாவது நின்றது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அவிழ்த்து மறுபடி போடச் சொன்னாள்.